இன்னொரு வீடு உள்ள பிள்ளை

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அவ்வப்போது ஒரு செய்திக்குறிப்பு வரும். குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளை வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்துக்கொள்ள விரும்பும் குடும்பங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம் என்று நாளிதழின் உள்பக்கத்தில் நாலைந்து வரியில் முடிந்துவிடும். படிக்கிறவர்களில் சிலருக்கு, தத்தெடுக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, இது சுருக்கு வழியாக இருக்குமோ என்று தோன்றும். வேறு சிலருக்கு, ஓர் அநாதைப் பிள்ளைக்குச் சோறு போட்ட புண்ணியமாவது சேரட்டும் என்று தோன்றும். இரண்டு எண்ணமும் ஒருவரை அலுவலக வாசல்வரை கொண்டுபோய் விடலாம். ஆனால் வீட்டுக்குள் வரப்போகிற குழந்தையை வரவேற்க அவை ஒருவரைத் தயார்செய்யாது.

காரணம் எளியது. வளர்ப்புப் பராமரிப்புக்கு வருகிற குழந்தைகள் எல்லோரும் அநாதைகள் அல்ல. பலருக்கு அம்மாவோ அப்பாவோ எங்கோ இருக்கிறார்கள். மனநலம் குன்றியவர்களாக, சிறையில் இருப்பவர்களாக, குடியில் மூழ்கியவர்களாக, நோயில் படுத்தவர்களாக இருக்கலாம். அவர்களால் இப்போது வளர்க்க முடியாது என்று குழந்தைகள் நலக் குழு முடிவு செய்திருக்கிறது. ‘இப்போது’ என்பதுதான் இதில் முக்கியம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44ஆவது பிரிவில், பெற்றோர் தகுதியற்றவர்கள் என்று கண்டதால் பிரிக்கப்பட்ட குழந்தையை அந்தப் பெற்றோர் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்க்கலாம் என்கிறது. குழந்தையின் நலனுக்கு ஆகாது என்று குழு கருதினால் மட்டுமே, காரணத்தை எழுதிவைத்துத் தடுக்கலாம். பெற்றோர் தேறிவிட்டதாகக் குழு கண்டால் பிள்ளை அவர்களிடமே திரும்பலாம். தத்துக்குத் தகுதி பெற்ற குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

ஆகவே இந்த ஏற்பாட்டுக்காக ஒரு வீட்டைத் தயார் செய்வது என்றால், இன்னொரு வீடு ஏற்கெனவே உள்ள பிள்ளைக்கு இடம் செய்வது என்று பொருள். சுவருக்கு வர்ணம் அடிப்பது, பொம்மை வாங்குவது, அலமாரியில் ஒரு தட்டு ஒழிப்பது எல்லாம் அதற்குப் பிறகு வரும் வேலை. அந்தப் பிள்ளையின் பழைய வீட்டைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொண்டோம், அதற்கு நம் வீட்டில் எவ்வளவு இடம் விட்டோம் என்பதே முதல் தயாரிப்பு. இது என் சொந்த ஊகமல்ல. குழந்தைப் பிரிவு குறித்த ஆய்வுகளில் மிகவும் நுணுக்கமான ஒன்று இதைத்தான் காட்டுகிறது.

அந்த ஆய்வைச் செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன் ஸ்காட்லாந்துக்காரர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் அவரும் மனைவி ஜாய்சும் வேலை பார்த்தவர்கள். பிறகு ஜேம்ஸ் டாவிஸ்டாக் மனநலச் சிகிச்சை மையத்தில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு சேர்ந்தார். ஒரு மருத்துவமனையில் தாயைப் பிரிந்து கிடந்த இரண்டு வயதுச் சிறுமியை 1952இல் அவர் படமாக்கியது பிரிட்டனின் குழந்தைகள் வார்டுகளில் பெற்றோர் வருகை பற்றிய விவாதத்தையே மாற்றியது. 1960களில் தம்பதி வேறொரு கேள்வியை எடுத்தார்கள். குழந்தையைக் குலைப்பது பிரிவு மட்டுமா, பிரிவுக்குப் பின் அதற்குக் கிடைக்கிற மோசமான பராமரிப்புமா? விடை தேட, தாய் மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்குச் சின்னஞ்சிறு குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்கள். ஜாய்ஸ் வளர்ப்புத் தாய், ஜேம்ஸ் கையில் கேமரா.

மொத்தம் நான்கு குழந்தைகள். பதினேழு மாத ஜேன், இருபத்தொரு மாத லூசி, இரண்டு வயது தாண்டிய தாமஸ், கேட். பத்து நாள் தங்கியவர்களும் உண்டு, இருபத்தேழு நாள் தங்கிய கேட்டும் உண்டு. அவர்கள் செய்த முன்னேற்பாட்டைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பிரிவுக்கு முன்பே குழந்தை தன் பெற்றோரோடு பலமுறை ராபர்ட்சன் வீட்டுக்கு வந்துபோயிற்று. அந்தச் சந்திப்புகளில் ஜாய்ஸ் தாயிடமிருந்து பாடம் கேட்டார். என்ன சாப்பிடும், எதைத் தொடாது, எப்போது தூங்கும், கழிப்பறைப் பழக்கம் எப்படி, மனசு கலங்கினால் எதைத் தேடும், தாய் அதனிடம் எந்த விதமாகப் பேசுவார் என்று. குழந்தை வரும்போது தன் சொந்தக் கட்டில், தன் போர்வை, தான் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை, தாயின் புகைப்படம் ஆகியவற்றோடு வந்தது. தந்தை விரும்பியபோதெல்லாம் வந்து பார்க்கலாம். ஜாய்ஸ் தாயைப் பற்றிய பேச்சைத் தவிர்க்கவில்லை, அதை விடாமல் தொடர்ந்தார்.

நான்கு பேரும் கலங்கத்தான் செய்தார்கள். எரிச்சலும் அழுகையும் இருந்தன. ஆனால் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவில் நின்றன. ஜேனின் வீடு ராபர்ட்சன் வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. அவள் தன் வீட்டுத் தோட்ட வாசலைக் கடந்து போய்க்கொண்டுதான் இருந்தாள், கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் அது கண்ணில் பட்டது. உள்ளே ஓடிப்போய்க் கதவைத் திறக்கப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. வளர்ப்பு வீட்டுக்குத் திரும்பிய பிறகு உள்ளே வர மறுத்தாள். அதுவரை வாயில் வராத ‘அம்மா’ என்ற சொல் அன்றுதான் வந்தது. நன்றாகச் சாப்பிட்டு, சிரித்து, விளையாடிய குழந்தை அம்மாவை மறந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு அந்தக் காட்சி போதும்.

ஐந்தாவது குழந்தை ஜான், ஜேனின் வயதுதான். தாய்க்கு இரண்டாவது பிரசவம். அவனை ராபர்ட்சன் தம்பதி வளர்க்கவில்லை. ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விடப்பட்டான், அங்கே போய்ப் படமெடுத்தார்கள். செவிலியர்கள் நல்லவர்கள், பயிற்சி பெற்றவர்கள். ஆனால் வேலை முறை மாறிமாறி வந்தது. இந்தக் குழந்தைக்கு இவர் பொறுப்பு என்று யாரும் இல்லை. ஜான் ஒவ்வொரு செவிலியராகத் தேடிப்போனான். அவர் வேறு குழந்தையைத் தூக்கப் போவார், அல்லது பணி முடிந்து கிளம்புவார். கடைசியில் தன்னைவிடப் பெரிய கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தான், சாப்பாட்டைத் தள்ளினான். ஒன்பதாம் நாள் அழைத்துப்போக அம்மா வந்தபோது அவளைப் பார்க்கவே மறுத்து உருண்டு புரண்டு கத்தினான். அங்கே அன்புக்குப் பஞ்சமில்லை. ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ராபர்ட்சன் வீட்டு அனுபவத்தை அப்படியே திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ தூக்கி வர முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நான்கு குழந்தைகளுக்கும் திரும்பிப்போக நிலையான வீடு இருந்தது. பிரிவு நாள் கணக்கில் இருந்தது. நம் ஊரில் வளர்ப்புப் பராமரிப்புக்கு வருகிற பிள்ளை பொதுவாக ஆறு வயது தாண்டியது. ஆறுக்குக் கீழே உள்ள, தத்துக்குத் தகுதியான குழந்தைக்கு முதலில் தத்தெடுக்கும் பெற்றோரைத்தான் தேடுவார்கள். அங்கே தத்து ஆணை கைக்கு வரும்வரை உள்ள காலம் மட்டும் வளர்ப்புப் பராமரிப்பாகக் கணக்காகிறது. ஒன்றிய அரசு 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஆறு வயதைத் தாண்டி இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளையும், தகுதியற்ற பாதுகாவலரிடம் இருப்பவர்களையும், எளிதில் குடும்பம் அமையாதவர்களையும் சிறப்புத் தேவை உள்ளவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திருமணமான தம்பதிக்கு இரண்டாண்டு நிலையான மணவாழ்வு வேண்டும் என்று சொல்லும் அவை, மணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் எனத் தனியாக வாழ்பவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டன. தனிப்பெண் எந்தப் பாலினக் குழந்தையையும் வளர்க்கலாம், தனி ஆண் பையனை மட்டும். ஒரே குடும்பத்தில் தொடர்ந்து இரண்டாண்டு இருந்த பிள்ளை சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்டால் அந்தக் குடும்பமே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு இது ஐந்தாண்டாக இருந்தது. இந்தக் கடைசி மாற்றம் நல்லதுதான். ஆனால் அதைக் காட்டியே ஆசை ஊட்டி ஆள் சேர்த்தால், முதல் நாளிலிருந்தே பெற்ற தாயைப் போட்டியாளராகப் பார்க்கும் குடும்பங்கள்தான் வரும்.

ஜேன், தாமஸ் கதை சில நாள்களைப் பற்றியது என்றால், ருமேனியக் கதை ஆண்டுகளைப் பற்றியது. 1989 டிசம்பரில் சௌஷெஸ்குவின் சர்வாதிகார ஆட்சி விழுந்தபோது அந்நாட்டுக் காப்பகங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் புக்காரெஸ்ட் நகரக் காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், 68 பேர் வழக்கம்போல இருந்தார்கள். அந்த நகரில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அப்போது பெயரளவில்தான் இருந்தது. 56 குடும்பங்களை ஆய்வுக்குழுவே தேடிப் பயிற்றுவித்து, சம்பளம் கொடுத்து, சமூகப் பணியாளர்களைத் துணைக்கு வைத்தது. நாலரை வயதில் அளந்தபோது காப்பகக் குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு 73 அளவிலும், வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர்களுடையது 81 அளவிலும் இருந்தது. எந்தக் காப்பகத்தையும் காணாத அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுடையது 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்கு வந்தவர்கள் அதிகம் தேறினார்கள்.

இதைப் படித்துவிட்டு, ஆறு வயதில் வருகிற பிள்ளைக்கு இனி என்ன பயன் என்று முடிவுகட்டிவிடக்கூடாது. அதே குழந்தைகளைப் பன்னிரண்டு வயதில் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. முதலில் சேர்ந்த வளர்ப்புக் குடும்பத்திலேயே தொடர்ந்து இருந்தவர்களிடம் முரட்டு நடத்தைச் சிக்கல்கள் குறைவு. குடும்பம் மாறிமாறிப் போனவர்களிடம் அந்தப் பயன் இல்லை. எந்த வயதில் வந்தது என்பது நம் கையில் இல்லாவிட்டாலும், எடுத்த பிள்ளையை “எங்களால் முடியவில்லை” என்று மூன்றாம் மாதம் திருப்பி விடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வீட்டைத் தயார் செய்வதன் நோக்கமே அதுதான். ஒரு பிள்ளை பெற்றோரிடம் திரும்புவதைக் குழந்தைகள் நலக் குழு தீர்மானிக்கும். இல்லத்துக்கே திரும்பும்படி நாம் செய்துவிடக்கூடாது.

வீட்டின் புற வசதிகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம், ஏனென்றால் பார்வையிட வருகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். போதிய இடம், கழிப்பறை, தண்ணீர், நிலையான வருமானம், வீட்டிலுள்ள எல்லோருக்கும் மருத்துவச் சான்று, காவல்துறை விசாரணை. இந்தப் பட்டியலில் வராத ஆபத்துகள் நம் வீடுகளில் உண்டு. மூடி சரியாகப் பொருந்தாத தரைத்தொட்டி. குளியலறையில் இரவு முழுக்க நிரம்பிக் கிடக்கும் பக்கெட். சின்னக் குழந்தை கவிழ்ந்தால் ஒரு சாண் தண்ணீர் போதும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயில் அல்லது மண்ணெண்ணெய், பரணுக்குக் கீழே வைத்த எலி மருந்து, கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்தில் நிற்கும் மொட்டை மாடி, தரையில் இறக்கி வைத்த கொதிக்கும் குழம்பு, அப்போதுதான் வந்து நின்ற வண்டியின் சைலன்சர். நம் பிள்ளைகள் தவழ்ந்த காலத்திலிருந்தே இவற்றைச் சுற்றிப் பழகிவிடுகிறார்கள். இல்லத்திலிருந்து வரும் பிள்ளை சமையலறைக்குள் போயே இருக்காது. ஏழு வயதுதானே, விவரம் தெரியாதா என்று விட்டுவிடக்கூடாது. ஒரு நாள் தரையில் உட்கார்ந்து, அந்த உயரத்திலிருந்து வீட்டை ஒருமுறை பார்த்தாலே பாதி சரியாகிவிடும்.

படுக்கை இதைவிட நுட்பமான விஷயம். புதுப்பிள்ளைக்குத் தனி அறை தருவது பெரிய உபசாரம் என்று நினைக்கிறோம். வரிசையாகப் பாய் விரித்து முப்பது பேரோடு, வெளிச்சம் அணையாத கூடத்தில் தூங்கிப் பழகிய குழந்தைக்கு இருட்டான தனி அறை தண்டனைபோலத் தெரியும். முதல் வாரங்களில் பெரியவர் மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில், ஆனால் தனிப் பாயில், மங்கிய விளக்கோடு படுக்க வைப்பது நல்லது. கட்டிப்பிடித்துத் தூங்க வைக்க அவசரப்பட வேண்டாம். முன்பு யார் தொட்டார்கள், எப்படித் தொட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது. பாய் நனையும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் நனையும். மறுநாள் காலை அதை எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் காயப்போடாமல் இருக்கிற வீடுதான் தயாரான வீடு.

சாப்பாடு அடுத்தது. தலையணை உறைக்குள் பாதி தின்ற பிஸ்கட், சட்டைப்பையில் நசுங்கிய பூரி, பள்ளிப்பையில் உலர்ந்த சோற்றுருண்டை. பசியோ போட்டியோ பழகிய பிள்ளைகள் இப்படிச் சேர்த்து வைப்பது உலகம் முழுக்கக் காணப்படுவது. இதைத் திருட்டு என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதன் பெயர் அதுவாகிவிடும். அடுக்களையில் அதன் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பா வைத்து, கடலை மிட்டாயோ முறுக்கோ போட்டு, “இது உனக்கு, எப்ப வேணும்னாலும் எடுத்துக்க, கேக்க வேணாம்” என்று சொல்லிவிடலாம். டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. சில மாதம் கழித்துப் பதுக்கல் தானாகக் குறையும். வேறொரு பக்கமும் உண்டு. மணி அடித்தால் சாப்பிட்டு, கொடுத்ததை உடுத்திப் பழகிய பிள்ளையிடம் “தோசையா, இட்லியா?” என்று கேட்டால் திகைத்து நிற்கும். அது அடம் இல்லை. தேர்ந்தெடுக்க அதை யாரும் கேட்டதே இல்லை.

அடுத்து, ஆறுதல். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் மேரி டோசியர் வளர்ப்புத் தாய்மாருக்காக உருவாக்கிய பயிற்சி, பத்து முறை வீட்டுக்கே வந்து நடத்தப்படுகிறது. அதன் அடிப்படைக் கண்டுபிடிப்பு நம் அனுபவ அறிவுக்கு எதிராகப் போவது. அடிபட்டால் அழுதுகொண்டு ஓடிவருகிற பிள்ளையைத் தூக்கிக்கொள்ள யாருக்கும் தெரியும். வளர்ப்புக்கு வருகிற பிள்ளை பல நேரம் விழுந்தாலும் அழாது, திரும்பிக்கொள்ளும், தொட்டால் தள்ளிவிடும். அதைப் பார்த்து வளர்ப்பவரும் ஒதுங்கிவிடுகிறார். குழந்தை கேட்காவிட்டாலும் ஆறுதல் தர வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் முதல் பாடம். “நல்லா சமாளிச்சுக்கிறான், தைரியசாலி” என்று பாராட்டுவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்கலாம்.

இதன் மறுபக்கம் இன்னும் ஏமாற்றக்கூடியது. வந்த அன்றே மடியில் ஏறி உட்கார்ந்து, பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டு மாமா வரை எல்லோரையும் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து, “ஒட்டுற பிள்ளை, ராசியான பிள்ளை” என்று சுற்றம் மகிழும். புக்காரெஸ்ட் ஆய்வில், குடும்பத்துக்கு வந்த பின்னும் மெதுவாகவே மாறிய சிக்கல்களில் ஒன்று இப்படிப் பாகுபாடில்லாமல் எல்லோரிடமும் ஒட்டுவது. யாரும் தனக்கு உரியவராக இல்லாத இடத்தில் வளர்ந்ததன் தடம் அது. ஆபத்தும் கூட. கூப்பிட்டவரோடு போய்விடும். முதல் சில மாதங்களுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, காய்ச்சலில் பக்கத்தில் இருப்பது ஆகியவற்றை வளர்ப்பவர் ஒருவரோ இருவரோ மட்டும் செய்யட்டும். அத்தையும் பாட்டியும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளலாம்.

சுற்றம் என்ற பேச்சு வந்துவிட்டதால், நம் ஊருக்கே உரிய ஒரு தயாரிப்பைச் சொல்லாமல் நகர முடியாது. “யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி சாதி. அதைச் சுற்றி வளைத்துக் கேட்பவர்கள் உண்டு, நேரடியாகவே கேட்பவர்களும் உண்டு. பந்தியில் தனியாக உட்காரவைப்பது, பூஜை அறைக்கு வெளியே நிறுத்துவது போன்றவை வீட்டின் மூத்தவரிடமிருந்தே வரக்கூடும். அப்படி நடந்தால் என்ன சொல்வது, யார் சொல்வது என்று கணவனும் மனைவியும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். பேசி முடிக்க முடியாத வீடு விண்ணப்பிக்காமல் இருப்பது பிள்ளைக்குச் செய்யும் உபகாரம். “எங்க வீட்டுல இருக்குற பிள்ளை” என்ற பதில் போதும், மிச்சம் பிள்ளையின் சொந்த விஷயம். அதன் கதையைக் குடும்ப வாட்ஸாப்பில் போடுவது, படத்தோடு முகநூலில் ‘நாங்கள் செய்த நல்ல காரியம்’ என்று எழுதுவது எல்லாம் நாகரிகக் கேடு மட்டும் அல்ல. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம்வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பிள்ளையை அடித்துத் திருத்தலாம் என்று இருப்பவர்கள், குழந்தையைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் 75ஆவது பிரிவையும் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

சொந்தப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதன் வயதைப் பாருங்கள். வயதொத்த சொந்தப் பிள்ளை உள்ள வீடுகளில் ஏற்பாடு முறிவது அதிகம் என்பதை 1960களின் பிரிட்டிஷ் ஆய்வுகளே கவனித்திருக்கின்றன. சில ஆண்டு வித்தியாசம் இருப்பது இரு தரப்புக்கும் நிம்மதி.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பெற்றவர் வருகை. முதல் முறை அந்த அம்மா வரும் நாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தயங்கி நிற்பார். கையில் ஒரு பொட்டலம் ஜிலேபி இருக்கும், நேரம் தவறி வந்திருப்பார். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே ஓடலாம். எதுவானாலும் அன்றிரவு பாய் நனையும், மறுநாள் பள்ளியில் சண்டை வரும். “அவ வந்துட்டுப் போனாலே பிள்ளை கெட்டுப்போகுது, வரவேண்டாம்னு சொல்லுங்க” என்று அலுவலகத்துக்குப் போன் போடத் தோன்றும். ஜானை நினைத்துக்கொள்ளலாம். ஒன்பது நாள் பிரிவுக்கே தாயைப் பார்க்க மறுத்தவன் அவன். பிள்ளை கலங்குவது அம்மா வந்ததால் மட்டும் அல்ல, மறுபடி போய்விட்டதாலும்தான். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, பிள்ளையின் எதிரிலேயே மரியாதையாக “வாங்க, உட்காருங்க” என்று சொல்வது, எந்த மனநல ஆலோசனைக்கும் குறையாத உதவி. அம்மாவைக் கேவலமாகப் பேசினால், அதே அம்மாவின் சாயல் தன் முகத்தில் இருப்பதை அறிந்த பிள்ளை அதைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். வருகையின்போது குடித்திருந்தாலோ பிள்ளையை மிரட்டினாலோ அது வேறு. குறித்து வைத்து, குழுவிடம் சொல்ல வேண்டும். தடுப்பது அவர்கள் அதிகாரம், நம்முடையது அல்ல.

‘அம்மா’ என்று கூப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். நம்மிடம் அத்தை, பெரியம்மா, சித்தி, மாமா என்று உறவுமுறைக்கா பஞ்சம்? பிள்ளைக்கு எது வாயில் வருகிறதோ அது வரட்டும். பெயரையும் மாற்ற வேண்டாம். “ராசியாக” ஒரு புதுப்பெயர் வைப்பது, வந்த அன்றே மொட்டையடித்துப் பழைய சட்டையை எரிப்பது எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவை. பிள்ளைக்கோ கடைசியாகக் கையில் இருந்ததும் போய்விடுகிறது. அந்தச் சட்டையைத் துவைத்து ஒரு பெட்டியில் போட்டு அதனிடமே கொடுங்கள். அம்மாவின் படம் கிடைத்தால் அதையும்.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். அது பிள்ளையின் செலவுக்கு. வளர்ப்பவரின் உழைப்புக்குக் கூலி அல்ல. இந்த உதவித்தொகையை நம்பாமல் சமாளிக்கும் வருமானம் இருந்தால்தான் எடுக்க வேண்டும் என்று 2016இன் மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளே எதிர்பார்த்தன. நியாயம்தான். ஆனால் புக்காரெஸ்ட்டில் பலன் தந்தது நல்ல மனம் மட்டும் அல்ல. சம்பளம், பயிற்சி, எந்நேரமும் கூப்பிடக்கூடிய சமூகப் பணியாளர் எல்லாம் சேர்ந்துதான். நம் சட்டம் ஒவ்வொரு மாதமும் குழு வந்து பார்க்க வேண்டும் என்கிறது. பார்க்க வருபவர் படிவத்தில் டிக் அடித்துவிட்டுப் போனால் அது கண்காணிப்பு. உட்கார்ந்து, “நேத்து ராத்திரி என்ன நடந்தது?” என்று கேட்டால்தான் அது துணை. இந்த இரண்டாவதுக்கு ஆள் நியமிக்காமல், விண்ணப்பிக்கலாம் என்று செய்திக்குறிப்பு மட்டும் வெளியிடுவது பாதி வேலைதான்.

தமிழ்நாட்டில் பெற்றோர் இல்லாத பிள்ளையைச் சித்தியோ பாட்டியோ வளர்ப்பது புதிதல்ல. கொரோனாவில் இரு பெற்றோரையும் இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 3,000 ரூபாய் என்று 2021இல் அரசு அறிவித்தது இந்தப் பழக்கத்துக்குத் தோள் கொடுத்ததுதான். 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம் பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பழைய கதை யாரும் சொல்லாமலே தெரியும். அம்மாவின் படம் சுவரில் தொங்கும், அவளுடைய சின்ன வயதுச் சேட்டையைப் பாட்டி சொல்வாள். முன்பின் தெரியாத வளர்ப்புக் குடும்பத்தில் இது தானாக நடக்காது. முயன்று சேகரித்தால்தான் உண்டு.

அதனால், விண்ணப்பிக்கத் துணிந்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், பாதுகாப்பு அலுவலரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டுங்கள். இந்தப் பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள்? உடன்பிறந்தவர் உண்டா, இருந்தால் எங்கே? எதைச் சாப்பிடாது? தூங்கும்போது எதைப் பிடித்துக்கொள்ளும்? எதைப் பார்த்தால் பயப்படும்? ஒன்றுக்கு வந்தால் என்ன சொல்லும்? என்ன தடுப்பூசி போட்டிருக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறது? இல்லத்தில் இதற்குப் பிடித்த அக்கா யார், அவரோடு போனில் பேச விடுவார்களா? அம்மா எப்போது வருவார்? அழைத்துப்போவதற்கு முன் நாங்கள் எத்தனை முறை வந்து இதோடு உட்காரலாம்? பதில் தெரியவில்லை என்றால் இல்லத்தில் சமைப்பவரிடமும் இரவுக் காவலரிடமும் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கங்கள் நிரம்பும்வரை பிள்ளையை அழைத்துவர அவசரப்பட வேண்டாம்.